முன்பாரம், பின்பாரம்: காதர்பேட்டைச் சரக்கை வண்டியில் எங்கே வைப்பது

காதர்பேட்டையில் சரக்கு எடுக்க வருகிறவர்கள் வண்டியைப் பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எவ்வளவு தாங்கும்? திருப்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டும் உள்ளூர் பனியனும் பண்டலாகக் கட்டப்பட்டு, டி.வி.எஸ். எக்ஸ்.எல்., லோடு ஆட்டோ, குட்டியானை என்று கிடைத்த வண்டியில் ஏறி, பார்சல் ஆபீசுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ கேரள எல்லைக்கோ போகின்றன. எத்தனை பண்டல் என்பதில் எல்லோருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பண்டல்கள் வண்டியின் எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதற்குக் கணக்கு வைத்திருப்பவர்கள் குறைவு. எடை வரம்புக்குள் இருந்தும் வண்டி கையை மீறிப் போவது உண்டு. அங்கே கோளாறு பெரும்பாலும் எடையில் இல்லை, எடை உட்கார்ந்த இடத்தில் இருக்கிறது. இடத்தைத் தேர்வது ஏற்றுகிறவரின் கையில் இருப்பதாலும், அதற்கு ஒரு பைசா செலவில்லை என்பதாலும், இந்த அத்தியாயம் முழுக்க அதைப் பற்றியே.

கொங்கு நாட்டில் இது புது அறிவு அல்ல. இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரமும் பின்பாரமும் அன்றாடப் பேச்சு. ஒரே அச்சில் இரண்டு சக்கரம் உருளும் வண்டியில் மூட்டைகள் அச்சுக்குப் பின்னால் மிகுந்தால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். முன்னால் மிகுந்தால் நுகம் கழுத்தில் அழுந்திப் புண்ணாக்கும். ஆகவே மூட்டைகளை அடுக்கும்போதே பாரம் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி பார்த்துக்கொள்வார்கள். ஏற்றம் வந்தால் வண்டிக்காரர் முன்னே நகர்ந்து ஏர்க்கால் பக்கம் உட்காருவார், இறக்கத்தில் பின்னே போவார். தன் உடம்பையே எடைக்கல்லாக வைத்து வண்டியைச் சமன் செய்த அந்தப் பழக்கம், மாடு போய் என்ஜின் வந்ததும் மறைந்தது. என்ஜின் வண்டியில் தொண்டை இறுகும் மாடு இல்லை. தவறு நடக்கும்போது தெரிவிக்க யாரும் இல்லாததால் தவறு தெரியாமலே தொடர்கிறது.

முதலில் எக்ஸ்.எல். வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டு சக்கரங்களின் மையத்துக்கும் இடையே சுமார் 120 செ.மீ. தூரம். 60 கிலோ பண்டல் ஒன்றைப் பின் கேரியரில் கட்டுகிறீர்கள். பண்டலின் நடுப்பகுதி பின் அச்சுக்கு 30 செ.மீ. பின்னால் விழுகிறது என்று வையுங்கள். 60-ஐ 30-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 15. அதாவது முன் சக்கரத்தின் மேலிருந்து 15 கிலோ கழிந்துபோகிறது. பின் சக்கரத்துக்கு 60 அல்ல, 75 கிலோ கூடுகிறது. அதே பண்டலைக் காலடித் தட்டில், பின் அச்சுக்கு 50 செ.மீ. முன்னால் வைத்தால் முன் சக்கரம் 25 கிலோ பெறுகிறது, பின் சக்கரத்துக்கு 35 கிலோ மட்டுமே கூடுகிறது. பண்டல் ஒன்றே, எடை ஒன்றே. முன் சக்கரத்துக்கு மட்டும் 40 கிலோ வித்தியாசம். முன் சக்கரந்தான் வண்டியைத் திருப்புகிறது. பிரேக் பிடிக்கும்போது வேலையின் பெரும்பங்கைச் செய்ய வேண்டியதும் அதுவே. சாலையை அழுத்தாத சக்கரத்தால் திருப்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. ஈரத் தாரிலும் மண் படிந்த ஓரத்திலும் அது முதலில் வழுக்கும். மேம்பாலம் ஏறும்போது இன்னும் மோசம். வண்டி, ஆள், பண்டல் எல்லாம் சேர்ந்து 200 கிலோ. அதன் எடை மையம் தரையிலிருந்து 80 செ.மீ. உயரத்தில், 20 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு. அந்தச் சரிவே முன் சக்கரத்திலிருந்து இன்னொரு 6, 7 கிலோவை எடுத்துப் பின்னால் போட்டுவிடும். பண்டல்மேல் பண்டலாக உயரம் கூடக் கூட இந்த இழப்பும் கூடும்.

எக்ஸ்.எல்.லில் பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பண்டலை அந்த இடத்திலேயே, ஓட்டுபவரின் முதுகை ஒட்டி வைப்பது கேரியரின் வால் பக்கம் வைப்பதைவிட எவ்வளவோ மேல். பாரம் முன்னே வருகிறது, கீழேயும் இறங்குகிறது. கனமான பண்டல் காலடித் தட்டில், லேசானது பின்னால் என்பதே வரிசை. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு: முன்னால் வைத்தால் கால் வைக்க இடமில்லை, ஹேண்டில் திரும்பவில்லை. அது உண்மையான ஆபத்து. காலடித் தட்டில் வைக்கும் பண்டல் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது. ஹேண்டிலை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்க வேண்டும். எங்கேயாவது பண்டலில் முட்டினால் அது அங்கே இருக்கக் கூடாது. இரண்டுக்கும் இடம் போதவில்லையென்றால் இரண்டு நடை போவதுதான் வழி. நிறுவனம் இந்த வண்டிக்குச் சொல்லும் சுமைத்திறன் 130 கிலோ. ஓட்டுபவரின் உடம்பும் அதில் அடங்கும் என்பதை மறக்க வேண்டாம்.

'பனியன்தானே, பஞ்சு மாதிரி லேசு' என்ற பேச்சு கடைத்தெருவில் அடிக்கடி கேட்கும். ஒரு டி-ஷர்ட் 150 முதல் 200 கிராம். 300 பீஸ் அமுக்கிக் கட்டினால் 45 முதல் 60 கிலோ. ஒரு சிமெண்ட் மூட்டைக்கு ஈடு. கையில் எடுக்கும்போது லேசாக இருக்கும் துணி, பண்டலாகும்போது சிமெண்டின் எடையும் சிமெண்டைவிடப் பல மடங்கு பருமனும் பெறுகிறது. அந்தப் பருமன்தான் சிக்கலே. சின்னப் பொருளை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். பெரிய பண்டல் இடம் தேடி வண்டியின் வாலுக்குத்தான் போகும். நூல் மூட்டையும் துணி ரோலும் எடைக்குத் தக்க அளவில் இருப்பவை, அவற்றை முன்னால் அடக்கமாக வைக்கலாம். கட்டிங் வேஸ்ட் எடையில் குறைவு, இடத்தில் பெரியது. வாலுக்கு அதுவே ஏற்றது. கலப்புச் சரக்கு ஏற்றும்போது இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தாமல் வந்த வரிசையில் அடுக்குவது, கையிலிருக்கும் வசதியைத் தூக்கி எறிவதாகும்.

குட்டியானை என்று நாம் அழைக்கும் டாடா ஏஸ் 2005-இல் வந்தது. அதன் முன், பின் அச்சுகளுக்கு இடையே சுமார் 210 செ.மீ. இந்த மாதிரிச் சிறு சரக்கு வண்டிகளில் பாடியின் கணிசமான பகுதி பின் அச்சுக்குப் பின்னால் நீண்டிருக்கும். 50 கிலோ பண்டல்கள் பத்து, மொத்தம் 500 கிலோ. அவற்றைக் கேபின் சுவரிலிருந்து தொடங்கிப் பரப்பி அடுக்கினால், பாரத்தின் மையம் பின் அச்சுக்கு 15 செ.மீ. முன்னால் விழுகிறது என்று கொள்வோம். முன் அச்சுக்கு 36 கிலோ கூடும். அதே பத்தையும் இறக்குவதற்குச் சுலபமாகப் பின்கதவை ஒட்டிக் குவித்து, மையம் அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் போனால் முன் அச்சு 95 கிலோவை இழக்கும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பாடி நிறையச் சரக்கு இருந்தால் அது தானாகவே பரவிவிடும், வேறு வழியில்லை. பாதிச் சரக்குதான் ஆபத்து. இடம் தாராளமாக இருக்கும்போது யாரும் உள்ளே ஏறிக் கேபின்வரை நகர்த்துவதில்லை. கதவருகே போட்டுக் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். எடை குறைவு என்ற தைரியமும் சேர்ந்துகொள்கிறது.

இதற்கு எளிய ஏற்பாடு, பாடியின் உட்சுவரில் பின் அச்சுக்கு நேர் மேலே இரு பக்கமும் ஒரு பெயிண்ட் கோடு. வெளியே நின்று சக்கரத்தின் நடுவைக் குறிவைத்து, தூக்குக்குண்டு விட்டு அந்தக் கோட்டைப் போடலாம். பாரத்தில் பாதிக்கு மேல் எப்போதும் கோட்டுக்கு முன்னால். கனமானவை கேபின் சுவரை ஒட்டித் தரையில். கோட்டுக்குப் பின்னால் வருபவை லேசானவை. கேபின் சுவருக்கும் முதல் வரிசைக்கும் இடைவெளி விடக் கூடாது. விட்டால் பிரேக் பிடிக்கும்போது சரக்கு முன்னே பாயும், வேகம் எடுக்கும்போது பின்னே நகரும்; கயிறு தளர்ந்தபின் காலையில் அடுக்கிய கணக்கு மாலையில் இருக்காது. பண்டல் மீது மார்க்கரில் கடைப்பெயரும் பீஸ் எண்ணிக்கையும் எழுதும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பக்கத்தில் கிலோவையும் எழுதினால் ஏற்றுபவர் தூக்கிப் பார்த்து ஊகிக்க வேண்டியதில்லை.

வண்டியின் பின்புறம் தொங்குகிறது என்று தெரிந்தால் நம் ஊரில் செய்வது, ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டுவது, அல்லது பின் டயரில் காற்றை ஏற்றுவது. இரண்டும் தோற்றத்தைத்தான் சரி செய்கின்றன. பட்டை கூடினால் வண்டி நிமிர்ந்து நிற்கும். ஆனால் முன் சக்கரம் இழந்த 95 கிலோவில் ஒன்றுகூடத் திரும்பி வராது. எந்த அச்சில் எவ்வளவு பாரம் என்பதைத் தீர்மானிப்பது பாரத்தின் இடமும் அச்சுகளின் தூரமும் மட்டுமே. ஸ்பிரிங்கின் விறைப்புக்கு அதில் பங்கில்லை. சொல்லப்போனால் பட்டை கூட்டுவது கெடுதலும் செய்கிறது. தொங்குவது ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையை அடக்கிவிட்டுக் காரணத்தை அப்படியே வைத்திருக்கிறோம். காற்றும் அப்படியே: டயருக்குக் குறித்த அளவில் நிரப்புவது அவசியம், அதைத் தாண்டி ஏற்றினால் சாலையைத் தொடும் பரப்பு குறைவதுதான் மிச்சம்.

பல வருடம் ஓட்டியவர்கள், 'இப்படித்தான் ஏற்றுகிறோம், ஒன்றும் ஆனதில்லை' என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யல்ல. காய்ந்த சாலையில், நேராக, 30 கிலோமீட்டர் வேகத்தில், திடீர்ப் பிரேக் தேவைப்படாத நாளில் முன் சக்கரத்தின் பிடி பாதியாகக் குறைந்திருந்தாலும் அது போதும். இருக்கும் பிடி முழுவதும் தேவைப்படும் நொடி அபூர்வமாகத்தான் வருகிறது. வரும்போது சொல்லிக்கொண்டு வருவதில்லை. சரக்கோடு ஓட்டும்போது ஸ்டியரிங் லேசாக, சுகமாக இருப்பதாகச் சிலர் சொல்வதைக் கவனியுங்கள். அந்தச் சுகம்தான் முதல் அடையாளம். வேகத்தடை தாண்டியபின் முன்பக்கம் இருமுறை துள்ளுவது இரண்டாவது. இரவில் எதிரே வருகிறவர்கள், நீங்கள் லோ பீமில் வந்தும் லைட் அடித்துக் காட்டுகிறார்களா? பின்னால் அமுங்கி முன்னால் நிமிர்ந்த வண்டியின் ஹெட்லைட் அவர்கள் கண்ணில் அடிக்கிறது என்று பொருள். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிக் கர்நாடகத்துக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டிக்கு இந்த மூன்று அடையாளமும் கீழே சமவெளியிலேயே தெரிந்திருந்தால், சத்தியமங்கலத்திலேயே நிறுத்தி அடுக்கை மாற்றிவிட்டுத்தான் மலை ஏற வேண்டும்.

அடையாளத்தை நம்புவதைவிட அளப்பது நல்லது, அளப்பதற்கு நம்மிடம் எல்லாம் இருக்கிறது. எடைமேடையில் வண்டியை முழுதாக நிறுத்தி ரசீது வாங்கும்போது, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி ஒருமுறை நிறுத்தி அந்த எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். காலி வண்டிக்கு ஒருமுறை, வழக்கமான லோடோடு ஒருமுறை. லோடு ஏற்றியபின் முன் அச்சின் எடை, காலி வண்டியின் முன் அச்சு எடையைவிடக் குறையவே கூடாது. குறைந்திருந்தால் சரக்கின் மையம் பின் அச்சைத் தாண்டிவிட்டது. இதற்கு வேறு விளக்கம் கிடையாது. இருசக்கர வண்டிக்கு எடைமேடைகூட வேண்டாம். பண்டல் நிறுக்கும் தரைத் தராசில் முன் சக்கரத்தை ஏற்றி, பின் சக்கரத்துக்குக் கீழே அதே உயரத்துக்குப் பலகை போட்டு, ஓட்டுபவர் உட்கார்ந்தபடி பார்த்தால் போதும். இரண்டு நிமிட வேலை.

'முன்னால் தள்ளு' என்பதையே மந்திரமாக்கிக்கொள்வதும் தவறு. லோடு ஆட்டோவுக்கு முன்னால் ஒரே சக்கரம். மூன்று சக்கரமும் தரையைத் தொடும் புள்ளிகளை இணைத்தால் வரும் முக்கோணம் முன்னால் போகப் போகக் குறுகுகிறது. பாரம் முன்னே நகர நகர, வளைவில் பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் அகலமும் குறைகிறது. ஆகவே ஆட்டோவில் கனமான பண்டலின் இடம், பின் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு, இரு பக்கமும் சமமாக. துணி ரோல்களை நெடுக்காக வைத்து வால் பக்கம் நீட்டிக்கொண்டு போவதை நான் ஏற்கவில்லை. மூன்று சக்கர வண்டியில் பின்னால் நீளும் ஒவ்வோர் அடியும் அந்த ஒற்றை முன் சக்கரத்தைத் தூக்கப் பார்க்கிறது.

இதே கணக்கு மிகக் கடுமையாகும் இடம், காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் ஒற்றை அச்சு டிரெய்லர். சந்தைக்குச் சந்தை போகும் வியாபாரிகளும், மலைப்பக்கம் கூடாரத்தோடு தங்கப் போகிற குடும்பங்களும் இப்போது இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். வடிவத்தில் இது மாட்டு வண்டியேதான்: நுகம் இருந்த இடத்தில் கொக்கி. கொக்கியின் மேல் டிரெய்லர் அழுத்தும் எடையே இங்கே முன்பாரம். டிரெய்லரின் மொத்த எடையில் இது 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க வழக்கம். பிரிட்டனில் 5 முதல் 7 விழுக்காடு. இரண்டு எண்ணும் வேறுபடுவதைக் காட்டி 'அப்படியானால் எதுவும் சரிதான்' என்று முடிவுகட்டக் கூடாது. வண்டிகளும் கொக்கிகளும் வேகங்களும் வேறு. ஆனால் இருவருமே பூஜ்யத்தை ஒப்புவதில்லை. கொக்கியில் பாரம் குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், வேகம் கூடக் கூட ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகி இழுக்கும் காரையே புரட்டிவிடும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 2009-இல் வெளியிட்ட சோதனை ஆய்வில், அதிக வேகத்தில் டிரெய்லரின் நிலைத்தன்மையை முதன்மையாகத் தீர்மானிப்பவை கொக்கிப் பாரமும், அச்சின் இடமும், எடை நடுவிலிருந்து எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறது என்பதுமே என்று கண்டார்கள். கடைசியாகச் சொன்னது முக்கியம். இரு முனையிலும் சமமாகக் கனத்தை வைத்தால் கொக்கி எண் சரியாகத்தான் வரும். ஆனாலும் ஆட ஆரம்பித்தால் நிற்காது. கனம் அச்சை ஒட்டி, அதற்குச் சற்றே முன்னால் இருக்க வேண்டும்.

500 கிலோ டிரெய்லர், கொக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர், கொக்கிப் பாரம் 50 கிலோ என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன்களை அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால், வால் பெட்டியில் வைத்தால் கொக்கிப் பாரம் 30 கிலோவாகிவிடும். அதே கேன்களை அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் வைத்தால் 57 கிலோ. அளப்பதற்கு, சமதரையில் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கொக்கி காரில் மாட்டும் அதே உயரத்தில் நிற்கும்படி ஒரு கட்டையைத் தராசில் நிறுத்தி, அதன்மேல் கொக்கி முனையை இறக்கிப் பார்க்க வேண்டும். மேல் வரம்பும் உண்டு. கார் தயாரிப்பாளரும் கொக்கி தயாரிப்பாளரும் குறித்திருக்கும் எண்களில் எது சிறியதோ அதைத் தாண்டக் கூடாது. தாண்டினால் காரின் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரங்கள் லேசாகும், நாம் தப்பிக்க நினைத்த அதே இடத்துக்கு வந்து சேர்வோம். வழியில் ஆட்டம் தொடங்கிவிட்டால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுங்கள். பிரேக்கை அழுத்தி மிதிப்பதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கை ஒடிப்பதும் அதைப் பெரிதாக்கும். நின்றபின் அடுக்கை மாற்றாமல் மறுபடி கிளம்பக் கூடாது. சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே என்பதால், பட்டறையில் செய்து வாங்கும் முன்பே பதிவைப் பற்றி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றி இன்னொன்று. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக எடைக்கு 20,000 ரூபாயும் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. அதே பிரிவு, அனுமதித்த அளவைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ உயரத்திலோ சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால், எடை வரம்புக்குள் இருந்தாலும் 20,000 ரூபாய் அபராதம் என்கிறது. பின்னால் நீட்டுவதைத் தனிக் குற்றமாக வைத்ததில் நியாயம் இருக்கிறது.

கடைசி ஆட்சேபம் நேரம். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் சந்தில் ஒரு வண்டி ஐந்து நிமிடம் கூடுதலாக நின்றால் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும். லோடுமேனுக்குப் பண்டல் கணக்கில் கூலி என்றால் உள்ளே ஏறி நகர்த்துவது அவருக்கு வீண் வேலை. இது உண்மை, இதை அவர் தலையில் கட்டுவது சரியல்ல. எந்தப் பண்டல் முதலில் போக வேண்டும் என்பதைக் கடைக்குள்ளேயே, வண்டி வரும் முன்பே, எடைவாரியாக வரிசைப்படுத்திவிட்டால் சந்தில் ஒரு நிமிடம்கூடக் கூடாது. பல கடைகளில் எடுப்பவர்கள் கனமான சரக்குள்ள கடையிலிருந்து தொடங்கலாம். உள்ளே ஏறி அடுக்குவதற்குச் சரக்குக்காரர் தனிக் கூலி கொடுக்க வேண்டும். ஒரு பண்டலின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. கடை முதலாளிகளிடம் இந்த நூல் கேட்பது இரண்டுதான்: பண்டலின் மேல் கிலோவை எழுதுங்கள், ஏற்றுகிறவர் உள்ளே ஏறி அடுக்கும் கூலியைக் கணக்கில் சேருங்கள்.